ஓட்டை எண்ண வந்தவர்

மொத தடவ நா அவரு காம்பராவுக்குள்ள நொழஞ்சப்ப, கட்டில்ல யாரோ கம்பளிய இழுத்துப் போத்திப் படுத்திருந்தாங்க. தலமாட்டுல ஒரு சாக்கு, கால்மாட்டுல ஒரு சாக்கு. அவரு வெறும் பனியனோட பக்கத்துல குந்தி நடுங்கிக்கிட்டு இருந்தாரு. வெளிய நல்ல பனி. நா பாவமேன்னு கொரல எறக்கி, "யாருக்குங்க காய்ச்சலு?"ன்னு கேட்டேன்.

"சோறு"ன்னாரு.

எனக்கு வெளங்கல. கம்பளில ஒரு ஓரத்தத் தூக்கிக் காட்டினாரு. உள்ள சோத்துப் பான. கொதி வந்த ஒடனே அடுப்புலருந்து எறக்கி, கட்டில்ல வச்சு, இருக்கிற ஒரே கம்பளிய அதுக்குப் போத்திருவாராம். மிச்ச வேக்காட்ட பான தானே பாத்துக்குமாம். பாதி வெறகு மிச்சமாம். நா எட்டிப் பாத்தது அர நிமிசம் இருக்காது. "போதும் போதும், சூடு போவுது"ன்னு மூடிட்டாரு. கைப்புள்ளைக்குச் செய்யிற மாதிரி ஓரமெல்லாம் சொருகிவிட்டாரு.

"அப்ப ஒங்களுக்குப் போத்திக்க?"

"நா வேகத் தேவையில்லையே அண்ணே"ன்னாரு.

அப்புடி ஒரு ஆளு. பேரு எதுக்கு? தோட்டத்துல யாரும் பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல, காத்துக்காரருன்னுதான் சொல்லுவோம். இப்ப மகனோட பொல்பிட்டிய பக்கம் போயிட்டாரு. தண்ணிலருந்து கரண்டு எடுக்கிற எடத்துக்குப் பக்கத்து வீடாம். அந்த ஸ்டேசன்ல வேல செய்யிற ஆளுங்கள நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. நேரா உள்ள போயி, ஏன் இம்புட்டுத் தண்ணிய வீணா ஓட விடுறீங்கன்னு கேட்டாலும் கேப்பாரு.

எங்க தேயிலத் தோட்டம் பொகவந்தலாவைக்கு மேல. பஸ்ஸு எங்க திரும்பும், எங்க திரும்பாதுன்னு டிரைவருக்கும் சாமிக்கும் மட்டுந்தான் தெரியும். அங்க பேக்டரில கொழுந்து வாட்டுற மாடில அவருக்கு முப்பது வருசத்துக்கு மேல வேல. பச்சக் கொழுந்த நீட்டுத் தொட்டில பரப்பி, அடிலருந்து காத்த ஊதி வாட்டுவாங்க. காத்து கூடினாலும் கெட்டுச்சு, கொறஞ்சாலும் கெட்டுச்சு. இவரு பொறங்கைய நாக்கால ஒரு நக்கு நக்கி, தொட்டி மேல நீட்டுவாரு. "கீழ மூணாவது கதவு ரெண்டு வெரக்கட தொறந்து கெடக்கு"ம்பாரு. போயிப் பாத்தா கெடக்கும். புதுசா வந்த டீமேக்கரு ஒருத்தரு முள்ளு ஆடுற மிசினு ஒண்ணு கொண்டாந்தாரு. ஒரு மாசம் மிசினையும் பாத்தாரு, இவரு கையையும் பாத்தாரு. அப்பறம் மிசின அலுமாரில வச்சுப் பூட்டிட்டாரு.

வேலைலருந்து நின்னாரே ஒழிய, கை நிக்கல.

டவுன் சலூன்ல ஒருத்தருக்கு மீச எடுத்துக்கிட்டு இருக்காங்க. இவரு வெளிய போறவரு உள்ள வந்து, "பட்டப்பகல்ல என்னாத்துக்கு லைட்டு?"ன்னு சுச்ச அமத்திட்டாரு. சலூன்காரரு திடுக்கிட்டதுல கத்தி ஒரு இழுப்பு கூட இழுத்துருச்சு. பாதி மீசயோட அந்த மனுசன் தொரத்திக்கிட்டு ஓடி வாராரு. இவரு ஓடிக்கிட்டே, "மீச மொளைக்கும், கரண்டு மொளைக்குமா?"ன்னு கேக்குறாரு. நா மார்க்கெட்டுல லீக்ஸ் வாங்கிக்கிட்டு நின்னேன், என் கண்ணால பாத்தேன்.

கோயில்லயும் அப்புடித்தான். மாரியம்மனுக்குத் தீபாராதன காட்டுற நேரம், கதவுப் பக்கமிருந்து காத்தடிக்குதுன்னு கதவ மூடிட்டாரு. சனம் பூரா வெளிய. பூசாரி, "யோவ், சனம் சாமி பாக்க வேணாமா?"ன்னு கத்துறாரு. இவரு, "அம்மனுக்கு மட்டும் குளிராதா?"ன்னாரு. அன்னைலருந்து பூசாரிக்கு இவரக் கண்டா ஆகாது.

இனி எங்க வீட்டுக் கதைக்கு வாரேன்.

எங்க வீட்டுக்காரிக்கு இழுப்பு. மார்கழி பொறந்தா மூச்சு விசிலடிக்கும். கொழும்புல கட்டிக்குடுத்த மக சாந்தி போனெடுத்தா, மொதல்ல அம்மா மூச்சத்தான் கேக்கும். அந்த வருசம் கண்டிப்பா சொல்லிருச்சு. "அப்பா, நா பொங்கலுக்கு வாரேன். அப்பயும் அம்மாவுக்கு இழுப்பு இருந்தா ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருவேன். காம்பராவத் தோட்டத்துக்கே திருப்பிக் குடுத்துருங்க."

கொழும்புல ஏற்கனவே ஒரு தடவ பத்து நாளு இருந்தேன். அஞ்சாவது மாடி. சன்னலத் தொறந்தா எதுத்த மாடில ஒருத்தரு உடுப்பு காயும். பத்து நாளும் அந்த உடுப்பத்தான் பாத்தேன். நீலச் சட்ட ஒண்ணு, கோடு போட்ட சாரம் ஒண்ணு. போட்ட ஆளு மட்டும் கண்ணுல படவேயில்ல. இங்கன்னா வாசல் இஸ்தோப்புல குந்தினா போதும், போற வாற ஆளெல்லாம் நம்ம ஆளு. நா போகவே மாட்டேன்னு மனசுல இருந்துச்சு. ஆனா அவ மூச்சு அப்புடி இருக்க, வாயத் தொறந்து எப்புடிச் சொல்றது?

மருமகன் நல்ல புள்ள. கம்பி செவக்குற ஹீட்டரு ஒண்ணு வாங்கி அனுப்பினாரு. அதப் போட்டா எங்க லயத்து வரிசைல ஆறு வீட்டு லைட்டும் மஞ்சளாப் போயிரும். பக்கத்து வீட்டு செல்லாயி அக்கா டீவில படம் சுருங்கி வந்து நடுவுல நிக்கும். அந்தம்மா செவுத்துல தட்டும். "ஏங்க, அந்த வில்லி என்னா சொன்னான்னே கேக்கல, அமத்துங்க!" அமத்துவோம். இவளுக்கு இழுக்கும். அம்புட்டுத்தான் ஹீட்டரு.

அந்த நேரம் தோட்டத்துக் கிளப்புக்கு கரண்டு ஆபீசுலருந்து ஒரு மாத்தயா வந்தாரு. வீட்டுல கரண்டும் சூடும் எங்கெங்க வீணாப் போவுதுன்னு பாக்குறதுக்கு ஒரு ஆடிட் இருக்குதுன்னு சிங்களத்துல சொல்லிட்டு, ஆளுக்கொரு போரம் குடுத்துட்டுப் போனாரு. எல்லாரும் அத ரொட்டி சுத்த எடுத்துக்கிட்டாங்க. காத்துக்காரரு மட்டும் மாத்தயாவ பஸ்ஸு வர்ற வரைக்கும் விடல. பஸ்ஸுக்குள்ளயும் ஏறிப் பேசினதா கேள்வி. மறுநா காலைல காதுல பென்சிலோட எங்க வீட்டு வாசல்ல நிக்கிறாரு.

"அண்ணே, ஒங்க வீட்டுலருந்து ஆடிட்ட தொடங்குறேன்."

எங்க வீட்டுக்காரிக்கு ஆடிட்டுன்னா சங்கக் கடைல சாமான் கொறஞ்சா வர்றது. "நம்ம வீட்டுல என்னாங்க தம்பி கொறஞ்சிருச்சு?"ன்னா.

"சூடு, அண்ணி"ன்னாரு.

போரத்த விரிச்சாரு. எனக்குப் படிப்பு இல்ல, அவரு படிச்சாரு. "ஏசி எத்தன?" இல்ல. "உடுப்புத் தொவைக்கிற மிசின்?" இவ கைய நீட்டிக் காட்டினா. "ரெண்டு"ன்னு எழுதிக்கிட்டாரு. "தண்ணி சூடாக்கி?" அடுப்பக் காட்டினா. "சன்னல்?" ஒண்ணு. "ஓட்ட?" அப்புடி ஒரு கேள்வி போரத்துல இல்லியாம். ஓரமா கோடு கிழிச்சு அவரே சேத்துக்கிட்டாரு.

அப்பறம் எடுத்தாரு பாருங்க ஊதுபத்திய.

அது ஒரு யோசனதான், நா கொற சொல்லல. மூணு பத்திய கொளுத்திக்கிட்டு செவுத்தோரமா மெதுவா நடக்கணும். பொக நேராப் போனா ஒண்ணுமில்ல. சாஞ்சா அங்க காத்து வருதுன்னு அர்த்தம். கதவடில சாஞ்சுச்சு. சன்னல்ல சாஞ்சுச்சு. தகரமும் செவுரும் சேர்ற எடத்துல பொக பேய் மாதிரி ஆடுச்சு. ஓட்டைய மறக்காம இருக்கப் பொட்டு வைக்கணும்னாரு. சாக்பீசு இல்ல. வெள்ளிக்கெழம அரச்ச மஞ்ச மிச்சம் இருந்துச்சு, அத இவ எடுத்துக் குடுத்தா. அவரு ஒவ்வொரு ஓட்டைலயும் மஞ்சப் பொட்டு வச்சு, "பதினேழு... பதினெட்டு..."ன்னு வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே சுத்துறாரு. இவ தல முழுகிட்டு முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு நடுக் காம்பராவுல பலகைல குந்திருக்கா. பத்திப் பொகைக்கு இருமல் வேற. தல ஆடுது.

இதத்தான் செல்லாயி அக்கா சன்னல் வழியா பாத்துச்சு.

வேற யாரு பாத்தாலும் அப்புடித்தான் நெனைப்பாங்க. அந்தம்மா உள்ள வரல. போயி வேப்பங்கொழ ஒடிச்சுது. பூசாரிக்கு ஆளு அனுப்புச்சு. அதோட நிக்காம கொழும்புக்குப் போனப் போட்டு, "சாந்தி, ஒங்கம்மாவுக்கு என்னமோ புடிச்சிருச்சும்மா. வீட்டுல ஓட்டிக்கிட்டு இருக்காங்க. நீ பொங்கல் வரைக்கும் பாக்காத, வா"ன்னு சொல்லிருச்சு.

பூசாரி உடுக்கையோட வந்து வாசல்ல நின்னாரு. அவருக்குப் பேய விட ஆளு மேலதான் கோவம்.

"என்னக் கேக்காம இவரு எப்புடி ஓட்டலாம்? இவருக்கு யாரு உத்தரவு குடுத்தா?"

"மாத்தயா குடுத்தாரு"ன்னு போரத்தக் காட்டினாரு காத்துக்காரரு.

செல்லாயி அக்கா எட்ட நின்னுக்கிட்டே, "மொத்தம் எத்தனங்க?"ன்னு கேட்டுச்சு.

"இதுவரைக்கும் நாப்பத்தி மூணு. கூரைல இருக்கிறத இன்னும் எண்ணல."

அந்தம்மா அப்புடியே குந்திருச்சு. "எங்க வீடு அடுத்த செவுருங்களே..."

"ஒங்க வீட்டுல இதவிடக் கூட இருக்கும், அக்கா. நாளைக்கு வாரேன்"ன்னாரு அவரு, ஆறுதலா.

நா எடுத்துச் சொன்னேன். காத்துதான், ஓட்டதான்னு சொன்னேன். யாரு கேக்குறா? பூசாரி வந்ததுக்கு அடிச்சிட்டுத்தான் போவேன்னு கால் மணி நேரம் உடுக்கையடிச்சு, இவ முதுகுல வேப்பங்கொழயால நாலு தட்டுத் தட்டினாரு. இவளும் சும்மா இருந்தா. அப்பறமா ஏன்டி இருந்தன்னு கேட்டேன். "முதுகுக்கு எதமா இருந்துச்சு"ன்னா.

மறுநா முழுக்க அடைப்பு வேல. பேக்டரில தேயில போடுற பழைய தாள்சாக்கு, களிமண்ணு, கிழிஞ்ச சாரம், நா காலுல போட்டுக் கிழிச்ச பழைய சப்பாத்து ஒண்ணு கூட. அந்தச் சப்பாத்து இப்பயும் கூர மூலைல இருக்கு. ராவு படுத்தோம் பாருங்க, அப்புடி ஒரு கணகணப்பு. காதுக்குள்ள காத்து வரல. நா மனசுக்குள்ள, சாந்தி வரட்டும், வந்து பாக்கட்டும்னு சிரிச்சுக்கிட்டேன்.

விடிஞ்சு, மத்தியானச் சோத்துக்கு இவ அடுப்பப் பத்த வச்சா.

லயத்து அடுப்புல பொக எங்க போவும்? எங்கல்லாம் ஓட்ட இருக்குதோ அங்கல்லாம் போவும். அந்த ஓட்டையெல்லாம்தான் சாக்கோட சப்பாத்தோட அடச்சாச்சே. மொதல்ல சட்டி மறஞ்சுச்சு. அப்பறம் இவ மறஞ்சா. நா கைய நீட்டித் தேடி, கதவுன்னு நெனச்சு அலுமாரியத் தொறந்துட்டேன். வெளிய நின்னு எங்க வீட்டு ஓட்டைய எண்ணிச் சரி பாத்துக்கிட்டு இருந்த காத்துக்காரருதான் ஓடி வந்து கதவ ஒதச்சுத் தொறந்து, இவளத் தூக்கி வெளிய போட்டாரு. இவளுக்கு மூச்சு விசிலடிக்கல, சங்கு ஊதுச்சு. செல்லாயி அக்கா வேப்பங்கொழயால விசுறுது. பொகையப் பாத்துட்டு பூசாரி மறுபடி உடுக்கையோட ஓடி வாராரு.

அந்த நேரம் பாத்து பன்னெண்டு மணி பஸ்ஸு.

சாந்தி எறங்குது. கைல ரெண்டு பெரிய பேக்கு. ரெண்டும் வெறும் பேக்கு, எங்க சாமான அள்ளிக்கிட்டுப் போக. கதவு வழியா பொக, நடு வாசல்ல அம்மா, சுத்தி வேப்பங்கொழ, உடுக்க. கரி அப்புன மூஞ்சியோட நானு.

"அப்பா, ஒண்ணும் பேசாதீங்க. உடுப்ப எடுத்து வைங்க. நாளைக்கு ரயிலு."

நா அவரப் பாத்தேன். சாந்தியும் அவரப் பாத்துச்சு. "சித்தப்பா, இது நீங்க பாத்த வேலதானே? எங்கம்மாவக் கொல்லப் பாத்தீங்களா?"

எதுக்கும் ஒரு பதில் வச்சிருக்கிற மனுசன். அன்னைக்கு அந்தப் போரத்தப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு. "காத்து வர்ற வழிய மட்டும் எண்ணிட்டேம்மா. போற வழி ஒண்ணு வேணுமேன்னு எண்ணல. பேக்டரில அதுக்குப் பொகக்கூடு இருந்துச்சு, என் அடுப்பு மேலயும் ஒரு குழாய் இருக்கு. இருந்ததால அத நா யோசிச்சதேயில்ல"ன்னாரு. கண்ணுலருந்து தண்ணி ஊத்துது. பொகைக்கா என்னான்னு தெரியல. சட்டுனு திரும்பிப் போயிட்டாரு.

நா உள்ள போயி பொட்டியத் தொறந்து உடுப்ப எடுக்க ஆரம்பிச்சேன். சட்ட எந்தப் பக்கம் மடிக்கிறதுன்னு கூடத் தெரியல.

ஒரு மணி நேரம் இருக்கும். வெளிய தகரம் இழுபடுற சத்தம். பாத்தா, கரி புடிச்ச நீளத் தகரக் குழாயொண்ணத் தோள்ல வச்சுக்கிட்டு அவரு மேட்டுல ஏறி வாராரு. பேக்டரில கழிச்சு விட்டதுன்னு அவரு அடுப்புக்கு மேல மாட்டியிருந்தாரே, அதே குழாய். அவரு வீட்டுதப் புடுங்கிக் கொண்டாந்துட்டாரு.

"ஏணியப் புடிம்மா"ன்னாரு சாந்திகிட்ட.

அது மொறச்சுக்கிட்டே நின்னுச்சு. குழாயப் பாத்துச்சு. அப்பறம் போயி ஏணியப் புடிச்சுச்சு. தகரத்த வெட்டி, குழாய எறக்கி, அடுப்புக்கு மேல ஒரு தகரத் தொப்பி செஞ்சு மாட்டி, சாயந்தரம் அஞ்சு மணிக்கு, "அண்ணி, இப்ப பத்த வைங்க"ன்னாரு. பூசாரி கூட உடுக்கைய கக்கத்துல வச்சுக்கிட்டு எட்டிப் பாக்குறாரு. இவ பத்த வச்சா. பொக ஒரு சுத்து சுத்துச்சு, வழிய யோசிச்சுச்சு, சொய்ங்குன்னு குழாயில ஏறிருச்சு. வெளிய நின்ன சனம் கூரையப் பாத்துக் கைதட்டுச்சு.

நாளைக்கு ரயிலுன்ன சாந்தி மறுநா போவல. அதுக்கு அடுத்த நாளும் போவல. அம்மா பக்கத்துலயே படுத்து மூச்ச கேட்டுக்கிட்டு இருந்துச்சு. காத்தும் இல்ல, பொகையும் இல்ல. மூணாம் நா காலைல இவ சுவெட்டரக் கழட்டிக் கொடில போட்டுட்டு ரொட்டி தட்டுறா, விசில் சத்தமே இல்ல. பனிதான் பனிதான்னு நாங்க அத்தன வருசம் திட்டினது பாதி பொகையத்தான் திட்டியிருக்கோம்.

"அம்மா, நீ என்னா சொல்ற? வாரியா?"ன்னு கேட்டுச்சு சாந்தி.

அப்பதான் எனக்கே ஒறச்சுது. அவ விசயத்த அவகிட்ட யாருமே கேக்கல, நா உட்பட. ரொட்டியத் திருப்பிப் போட்டா. "பொகையில்லாத அடுப்பு கெடைக்க எனக்கு இம்புட்டு வயசாச்சு. அத வுட்டுட்டு வரவா? அப்பாவ வேணும்னா கூட்டிட்டுப் போ."

சாந்தி சிரிச்சுருச்சு. அம்மாவ விட்டுட்டுப் போக மனசு ஒத்துக்கிச்சு. ஆனா வந்ததுக்கு வெறுங்கையோட போவாதே. ரெண்டு பேக்குலயும் லீக்சு, கோவான்னு மரக்கறியா அடச்சுச்சு. அப்பறம் காத்துக்காரரு வீட்டுக்குப் போயி, "சித்தப்பா, ஒங்க வீட்டுல இப்ப பொக. தகரக்காரரு புதுக்குழாய் அடிச்சுக் குடுக்க ஒரு கிழமையாகும். அது வரைக்கும் எங்க வீட்டுல வந்து இருங்க. எங்களுக்கும் கரண்டு பில்லு தாங்க முடியல, அந்த ஆடிட்ட அங்கயும் பாத்துருங்க"ன்னுச்சு. அவரு காதுல பென்சிலச் சொருகிக்கிட்டு ரெடியாயிட்டாரு. ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போக வந்த புள்ள, ஒரு ஆளக் கூட்டிட்டுப் போச்சு. அந்த ஆளு நானில்ல. அட்டன் ஸ்டேசன்ல ரயிலு கெளம்புறப்ப எனக்கு வந்த சிரிப்ப அடக்க முடியல.

நாலாம் நா மத்தியானம் மருமகன் போனெடுத்தாரு, மெதுவான கொரல்ல. "மாமா, சித்தப்பா எல்லாச் சன்னலையும் அடச்சுட்டாரு. வெளிச் சூடு உள்ள வந்துருமாம். பேனையும் ஏசியையும் அமத்திட்டாரு. நா மாடிப்படில குந்தி சோறு சாப்புடுறேன். கீழ் வீட்டுக்காரங்களும் ஆடிட்டுக்கு அவரக் கூப்புட்டுப் போக வந்து நிக்கிறாங்க."

"இன்னும் ரெண்டு நா வச்சுக்கங்க தம்பி"ன்னு சொன்னேன்.

அன்னைக்கு இங்க நல்ல வெயிலு. இவ சன்னலப் பாத்தா, என்னப் பாத்தா. "அவருதான் இல்லியே"ன்னு சொல்லிக்கிட்டே சன்னல்ல அடச்ச சாக்கையெல்லாம் உருவினா. சாயந்தரம் திருப்பி வச்சுக்கலாம்னா. மலக்காத்து அப்புடியே குளுகுளுன்னு உள்ள வந்து கலண்டரத் தூக்கி அடிச்சுது. ரெண்டு பேரும் பிளேன்டீய கைல வச்சுக்கிட்டு சன்னலோரமா குந்தினோம். அந்தக் காத்துக்கு ஒரு ருசி இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

போன் அடிச்சுது. காத்துக்காரரு.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? அண்ணி நல்லாருக்காங்களா?" அப்பறம், "அங்க என்னமோ காத்துச் சத்தம் கேக்குதே?"ன்னாரு.

இவ போனப் புடுங்கி, "அது ஒங்க அண்ணன் மூச்சு தம்பி. தண்ணி தூக்கிட்டு இப்பத்தான் வந்தாரு, மேமூச்சு கீமூச்சு வாங்குது"ன்னா.

அவரு, "அம்புட்டுக் காத்தா?"ன்னாரு. "வாயில ஒரு துணியக் கட்டச் சொல்லுங்க அண்ணி. அதுலதான் வீட்டுச் சூடெல்லாம் போவுது."